என் கைச்சோறும் அவர் முழங்காலும்

என் கணவர் தன் துணியைத் தானே துவைக்க ஆரம்பித்தபோதுதான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து ஒரு கைக்குட்டையைக்கூட அலசிப் போடாத மனுஷர். திடீரென்று நான் எழுவதற்கு முன்பே பேன்ட்டையும் உள்ளாடையையும் நனைத்து, சோப்புப் போட்டு, கொடியில் காயப் போட்டுவிட்டு, ஒன்றும் அறியாதவர்போலப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வாஷிங் மெஷின் சும்மா கிடந்தது.

"எதுக்கு உங்களுக்கு இந்த வேலை?" என்று கேட்டேன்.

"நீயும் வேலைக்குப் போற. பாவம்ல" என்றார்.

எனக்காக அவர் பாவம் பார்த்து நான் கண்டதே இல்லை. சந்தேகம் கூடிவிட்டது.

நான் பிறவியிலேயே சந்தேகப் பிராணி என்று என் அம்மா சொல்லுவாள். வேலையும் அதற்கு ஏற்றாற்போல அமைந்தது. ஒரு தனியார் கல்லூரியில் கணக்கு நடத்துகிறேன். தேர்வுக் காலத்தில் பறக்கும் படையோடு மற்றக் கல்லூரிகளுக்குப் போய்ப் பிட்டு அடிக்கிறவர்களைப் பிடிப்பதும் உண்டு. அதில் நான் கற்றுக்கொண்டது, ஆளின் முகத்தைப் பார்த்து ஒரு பிரயோஜனமும் இல்லை என்பதுதான். பிட்டு வைத்திருக்கிறவன் முகத்தில் அப்படி ஒரு பக்தி இருக்கும். கையைப் பார்க்க வேண்டும், பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அதனால் வீட்டிலும் பார்க்க ஆரம்பித்தேன். கடைக்குப் போனால் கறுப்பு, கருநீலம் என்று அடர் நிறப் பேன்ட்டாகவே எடுத்து வந்தார். போனோடு குளியலறைக்குள் போனால் லேசில் வெளியே வருவதில்லை. ஆளும் இளைத்துக்கொண்டே வந்தார். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருந்தது. ஒரு விதைக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி அவர். நாகமலை புதுக்கோட்டையில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து பைக்கை எடுத்தால் அலங்காநல்லூர்ப் பக்கம் ஊர் ஊராகக் கடைகளுக்குப் போய் வருவார். அத்தனை வருஷமும் வாய்க்கால் கரையோரக் குறுக்குப் பாதையில் போனவர், இப்போது மெயின் ரோட்டைச் சுற்றிக்கொண்டு போனார். வழியில் ஒரு பெட்ரோல் பங்க்கில் அவர் வண்டி தினமும் நிற்கிறது என்று என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் யதார்த்தமாகச் சொன்னார். எனக்கு மூக்கு வியர்த்துவிட்டது.

அந்த பங்க்கில் பெட்ரோல் போடுவது ஒரு பெண் என்று கேள்விப்பட்டேன். ஒருநாள் முக்கால் டேங்க் நிறைந்திருந்த என் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். அந்தப் பெண்ணுக்கு என் மாமியார் வயது இருக்கும். "டேங்க் வழியுது தாயி, எதுக்கு வந்த?" என்று கேட்டுச் சிரித்தார். வெட்கமாகப் போய்விட்டது. பங்க்கின் ஓரத்தில் ஒரு சுத்தமான கழிப்பறை இருந்ததை நான் கவனிக்கவே இல்லை. வாய்க்கால் பாதையில் அப்படி ஒன்று கிடையாது என்பதும் என் புத்திக்கு எட்டவில்லை.

இதற்கிடையில் அவருக்கு முழங்கால் வலி வந்தது. முதலில் வலது கால், பிறகு இடது கணுக்கால். காலையில் கட்டிலிலிருந்து எழுந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். பத்து மணிக்கு மேல் கொஞ்சம் இளகும். "பைக்கு ஓட்டுறேன்ல, அதான்" என்றார். காளவாசலில் ஓர் எலும்பு டாக்டரிடம் தனியாகப் போய் வந்தார். எக்ஸ்ரேயில் எலும்பெல்லாம் நன்றாக இருக்கிறதாம். டாக்டர் வலி மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். அதைப் போட்டால் கால் வலி குறைந்தது. மாத்திரை தீர்ந்த பிறகும் மெடிக்கலில் அதையே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். ஆனால் அந்த மாத்திரை வந்த பிறகு காலைத் துவையல் இரண்டு மடங்கு ஆனது.

ஒருநாள் விடிவதற்கு முன் எனக்கு முழிப்பு வந்தது. பின்கட்டில் தண்ணீர்ச் சத்தம். போய்ப் பார்த்தால், அவர் ஒரு காலை நீட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார், முன்னால் பக்கெட்டில் தண்ணீர் சிவப்பாக இருக்கிறது.

"யாரையாச்சும் கொன்னுட்டு வந்தீங்களா?" என்றேன். பயத்தில் எனக்கு அப்படித்தான் பேச வரும்.

அவர் பக்கெட்டைக் காலால் நகர்த்தப் பார்த்தார். கால் நகரவில்லை. பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். பல மாதங்களாக ரத்தமும் சளியுமாகப் போகிறதாம். ஒரு நாளில் எத்தனை தடவை என்று கணக்கே இல்லையாம். மூலம் என்று நினைத்துத் துத்திக்கீரையைக் கொண்டுவரச் சொல்லிச் சாப்பிட்டுப் பார்த்தாராம்.

"யார்கிட்ட கொண்டுவரச் சொன்னீங்க?"

"அம்மாகிட்ட."

"அத்தைகிட்ட சொல்லத் தெரியுது. பக்கத்துல படுத்திருக்கிற என்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் சோப்பை எடுத்துத் துணியில் தேய்க்க ஆரம்பித்தார். வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஆண்பிள்ளைகள் நெஞ்சுவலியை ஊருக்கே சொல்வார்கள், இந்த இடத்து நோயைச் சொல்ல மாட்டார்கள். வயிற்று டாக்டரிடம் போகலாம் என்று நான் கெஞ்சியும் மிரட்டியும் பார்த்தேன். "மொதல்ல கால் சரியாகட்டும்" என்று தள்ளிப் போட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை என் மாமியார் ஒரு பையோடும் தூக்குவாளியோடும் வந்து இறங்கினார். அவர் ஊர் அலங்காநல்லூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். இன்னும் நெல் போடுகிற குடும்பம். வெள்ளாமையை விட்டுவிட்டு லேசில் வர மாட்டார். வந்தவர் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக அடுப்படிக்குள் போனார்.

"நீ காலேசுக்குப் போற புள்ள. எம்புட்டு வேலையத்தான் பாப்ப? நான் பொங்கிப் போடுறேன்" என்றார்.

முதல் இரண்டு நாள் எனக்குச் சந்தோஷம்தான். மூன்றாம் நாள் என் உப்பு ஜாடியைக் காணோம். என் அம்மா கொடுத்துவிட்ட எலுமிச்சை ஊறுகாய் குப்பைத் தொட்டியில் கிடந்தது. "பூசணம் புடிச்சிருந்துச்சு" என்றார் மாமியார். நான் பார்த்தவரை அதில் ஒரு பூசணமும் இல்லை. என் கணவருக்குச் சோறு தனிச் சட்டியில் வெந்தது. அவர் குடிக்கிற தண்ணீர் மாமியாரின் தூக்குவாளியில், தலைமாட்டில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் காபி போட்டு அவர் கையில் கொடுத்தேன். வாங்கியவர் வாய்க்குக் கொண்டுபோகும் நேரத்தில், "ஏப்பா, இங்கிட்டு வா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனார். சாயங்காலம் பார்த்தேன். காபி அப்படியே இருந்தது, எறும்புதான் குடித்துக்கொண்டிருந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் மருந்து வைத்துவிட்டேன் என்று நினைக்கிறார்கள்.

எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஒருவரை மயக்கித் தன் வசப்படுத்திக்கொள்ள, சோற்றிலோ காபியிலோ எதையோ கலந்து கொடுத்துவிடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை. அது குடலில் ஒட்டிக்கொண்டு வருஷக்கணக்காகக் கிடக்கும், சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது, ஆள் உருகிப் போவார், கைகால் விளங்காமல் போகும் என்பார்கள். வயிற்றோட்டம், இளைப்பு, கால் வீக்கம் மூன்றும் ஒன்றாக வந்தால் வேறு விசாரணையே வேண்டாம். யார் கொடுத்தது என்பது மட்டும்தான் பாக்கி.

எங்கள் வீட்டில் அதற்கும் தேடி அலைய வேண்டியதில்லை. எங்களுடையது காதல் கல்யாணம். நான் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண். அப்பா ஜவுளி வியாபாரி. கல்யாணப் பேச்சு எடுத்தபோதே அவர்கள் ஊரில், "என்னத்தையோ குடுத்து மயக்கிப்புட்டா" என்று சொன்னார்கள். நானும் அவரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். மகன் பிறந்து, வளர்ந்து, வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கப் போயும்விட்டான். அந்தப் பேச்சு செத்துவிட்டது என்று நினைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு வீட்டில் நான் ஒரு பக்கம் அவர்களைக் கண்காணித்தேன், அவர்கள் ஒரு பக்கம் என்னைக் கண்காணித்தார்கள். நான் அடுப்படிக்குள் நுழைந்தால் மாமியார் ஏதாவது எடுக்க வருவார். நான் கைப்பையைத் திறந்தால் அவர் பேச்சு நின்றுபோகும். என் அம்மாவோடு போனில் எங்கள் பாஷையில் பேசினால் குழாயை மூடிவிட்டுக் கேட்பார். நான் பேசியதெல்லாம் எந்த டாக்டரிடம் போகலாம் என்றுதான். ஆனால் பாஷை புரியாதவருக்குக் காதில் விழுவது நான் குரலைத் தாழ்த்தியது மட்டும்தானே. வம்பு வேண்டாம் என்று அம்மாவோடு தமிழில் பேச ஆரம்பித்தேன். அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "பக்கத்துல யாரு இருக்கா? என்னடி பிரச்சினை?" என்று அவள் அங்கிருந்து நச்சரித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாடகைக் கார் வந்து நின்றது. குலசாமி கோயிலுக்குப் போகிறார்களாம். தேங்காய் இல்லை, மாலை இல்லை, சூடம்கூட இல்லை. என் மாமியார் சாமி கும்பிடப் போனால் முதல் நாளே பூக்காரரிடம் சொல்லி வைக்கிற ஆள். என் கணவரோ பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். நானும் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து காரில் ஏறினேன்.

"நீ எதுக்கு ஆத்தா அலையிற? பேப்பரு திருத்துற வேல கெடக்குமே" என்றார் மாமியார்.

"திருத்திட்டேன் அத்தை. நானும் சாமி கும்பிட்டு நாளாச்சு."

அலங்காநல்லூரைத் தாண்டி, கரும்புக்கொல்லைக்கு நடுவே மண் பாதையில் போய், ஒரு தகரக் கொட்டகை முன்னால் கார் நின்றது. வெளியே செருப்புகள் குவிந்து கிடந்தன. வயிற்றில் ஒட்டிய மருந்தை உறிஞ்சி எடுக்கிற இடம் அது. எடுக்கிறவர் ஒரு பெண்மணி. மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, வங்கியில் டோக்கன் கூப்பிடுவதுபோல ஆளை வரிசையாகக் கூப்பிட்டார். என் கணவரின் உள்ளங்கையில் ஏதோ பச்சிலைச் சாற்றை விட்டார். கொஞ்ச நேரத்தில் அது கெட்டியாக உறைந்தது. "இருக்கு" என்றார். மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கும் உறையுமா என்று பார்க்க என் கையையும் நீட்டினேன். யாரும் சட்டை செய்யவில்லை.

அவரைப் பாயில் படுக்க வைத்துச் சட்டையைத் தூக்கினார்கள். விலா எலும்பு தெரிந்தது. அந்தப் பெண்மணி ஒரு சின்னப் பித்தளைக் குழாயை எடுத்து அவர் வயிற்றில் வைத்து, மறு முனையில் வாயை வைக்கப் போனார்.

என் வாய் என்னைக் கேட்காமலே பேசிவிட்டது. "ஒரு நிமிஷம். உறிஞ்சுறதுக்கு முன்னாடி வாயத் தொறந்து காட்டுங்க."

அந்தப் பெண்மணி நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன தாயி?"

"வாயில ஒண்ணும் இல்லைன்னு காட்டிட்டு எடுங்க. அம்புட்டுத்தான்."

அவர் கோபப்படவில்லை. குழாயைக் கீழே வைத்தார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு என் மாமியாரைப் பார்த்துச் சொன்னார். "குடுத்தவுக பக்கத்துல இருந்தா எறங்காது."

குடுத்தவுக. அத்தனை பேர் முன்னால். காத்திருந்தவர்கள் எல்லாம் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஒரு பெண் தன் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் என் கணவரைப் பார்த்தேன். விவசாயப் படிப்பில் பட்டம் வாங்கியவர். எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து என்று ஊருக்கெல்லாம் விளக்குகிறவர். "ஏங்க, நீங்களாச்சும் சொல்லுங்க" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "நீ செத்த வெளிய இரும்மா" என்றார்.

வெளியே வந்து காரில் சாய்ந்து நின்றேன். அந்தப் பெண்மணி மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை, அது அவருடைய பிழைப்பு. மாமியார் மேல்கூட அவ்வளவு இல்லை. படுத்திருந்தவர் மேல்தான் கோபம். பதினெட்டு வருஷம் என் கையால் சாப்பிட்டவர்.

கொஞ்ச நேரத்தில் மாமியார் ஒரு வாழையிலைத் துண்டில் எதையோ ஏந்திக்கொண்டு வந்தார். கருகலாக, ரோமம் சுற்றிய ஓர் உருண்டை. "பாத்தியா?" என்றார்.

"பாத்தேன் அத்தை. தேங்கா நாரு மாதிரி இருக்கு."

அதோடு எங்கள் பேச்சு முடிந்தது. ஒரு மண்டலம் அவர் என் கைச்சோறு தின்னக் கூடாது என்று கொட்டகையில் சொல்லிவிட்டார்களாம். என்னை மட்டும் எங்கள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்கள். அதே காரில் அவரைக் கிராமத்துக்குக் கூட்டிப் போய்விட்டார்கள்.

அதுகூடப் பரவாயில்லை. போன இடத்தில் அவருக்கு நன்றாகிவிட்டது. ஒரு வாரத்தில் ரத்தம் நின்றது. முழங்கால் வீக்கம் வடிந்தது. வயலுக்கு நடந்து போகிறார், இரண்டு தட்டுச் சோறு சாப்பிடுகிறார் என்று மாமியார் போனில் சொன்னபோது, அவருடைய குரலில் இருந்த வெற்றியை என்னால் தாங்க முடியவில்லை. கணவருக்கு நோய் தீர்ந்ததற்காக அழுத பெண்டாட்டி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வலி மாத்திரைப் பட்டை எங்கள் வீட்டு அலமாரியிலேயே தங்கிவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது. அப்போது அது யார் கண்ணிலும் படவில்லை.

தனியாக இருந்தால் மூளை சும்மா இருக்காது. கல்யாணத்துக்கு முன்பு ஒரு தடவை அவர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, என் அம்மா உள்ளே போய்க் கிண்ணத்தில் பாயசம் எடுத்து வந்து கொடுத்தது ஞாபகம் வந்தது. எங்களுக்கெல்லாம் பிறகுதான் கொடுத்தாள். ஏன்? ஒருநாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்துவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அன்னைக்கு அவருக்குக் குடுத்த பாயசத்துல எதுவும் கலந்தியாம்மா?"

"முந்திரிப் பருப்பு போட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். அப்புறம் ஒரு வாரம் என் போனை எடுக்கவில்லை.

பின்பனி விலகி வெயில் ஏற ஆரம்பித்த சமயம், காலையில் நான் கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது மாமியார் கூப்பிட்டார். "அவனால எந்திரிக்க முடியல. வெரசா வா ஆத்தா" என்றார். அந்தக் குரலில் வெற்றி ஒன்றும் இல்லை.

கிராமத்து வீட்டில் கழிப்பறை குத்தவைத்து உட்கார்கிற மாதிரியானது. நான் போய்ச் சேரும்போதும் அவர் அதற்குள்ளேதான் இருந்தார். உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை, சுவரில் சாய்ந்து கிடந்தார். இரண்டு முழங்காலும் உரித்த தேங்காய் மாதிரி வீங்கியிருந்தன, தொட்டால் சுட்டது. கீழே எல்லாம் ரத்தம். அறுவடைக்குப் போயிருந்ததால் அக்கம் பக்கத்தில் ஆள் இல்லை. நான் ஒரு பக்கமும் மாமியார் ஒரு பக்கமும் கை கொடுத்துத் தூக்கினோம். அவர் வலியில் கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. நானே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டேன். மாமியார் வேட்டியைச் சுற்றிவிட்டார்.

"எல்லாம் எடுத்தாச்சேத்தா. பொறவு எப்படி?" என்று என்னிடமே கேட்டார்.

நான் என் கணவரின் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தேர்வு அறையில் வேறு வேறு வரிசையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் ஒரே தப்பை ஒரே மாதிரி எழுதியிருந்தால், நடுவில் ஏதோ தொடர்பு இருக்கிறது என்று அர்த்தம். ரத்தம் ஆரம்பித்த கொஞ்ச நாளில்தான் முழங்கால் வீங்கியது. ரத்தம் நின்றபோது வீக்கமும் வடிந்தது. இப்போது இரண்டும் சேர்ந்து வந்திருக்கின்றன. நாங்கள் காலை எலும்பு டாக்டரிடமும் வயிற்றைக் கொட்டகையிலும் காட்டிக்கொண்டிருந்தோம். இரண்டும் கூட்டுக் களவாணிகள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

அன்றைக்கே மதுரைக்கு அழைத்து வந்தேன். மூட்டுவாதத்துக்கென்று தனியாகப் படித்த ஒரு பெண் டாக்டர். மாமியாரும் கூடவே வந்து உட்கார்ந்தார். டாக்டர் முழங்காலை அழுத்திப் பார்த்தார், முதுகை வளைக்கச் சொன்னார், கண் சிவந்ததுண்டா, வாயில் புண் வந்ததுண்டா என்று கேட்டார். பிறகு, "வயிறு எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லா இருக்கு டாக்டர்" என்றார் என் கணவர்.

"பொய்" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். பக்கெட், துத்திக்கீரை, வலி மாத்திரை, கொட்டகை, காலையில் தூக்கியது. அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். காது சிவந்துவிட்டது. டாக்டர் ஆச்சரியப்படவே இல்லை. இப்படி வயிற்றை மறைத்துக் காலை மட்டும் காட்டுகிறவர்கள் நிறையப் பேராம். பெருங்குடலில் புண் இருக்கும்போலத் தெரிகிறது, சிலருக்கு அதோடு சேர்ந்தே மூட்டும் வீங்கும், குடல் கெட்டால் மூட்டும் கெடும் என்றார். உள்ளே கேமரா விட்டுப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும், அதற்கு வயிற்று டாக்டரிடம் இன்றைக்கே எழுதித் தருகிறேன் என்றார். வலி மாத்திரையை இனிமேல் தொடவே கூடாது என்றார். அது மூட்டு வலியைக் குறைத்தாலும் இந்த மாதிரிக் குடலைக் கிளறிவிட்டுவிடுமாம்.

மாமியார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு நேராகவே கேட்டார். "அப்ப சோத்துல யாரும் எதுவும் கலந்து குடுத்திருந்தா இப்படி வருமா தாயி?"

"வராதும்மா. வெளிய இருந்து யாரும் எதுவும் குடுக்கல. உடம்புக்குள்ள காவலுக்கு இருக்கிறது, சொந்தக் குடலையே திருடன்னு நெனச்சு அடிக்குது. அந்தச் சண்டைதான் மூட்டு வரைக்கும் வந்திருக்கு."

சொந்த வீட்டு ஆளையே திருடன் என்று நினைத்து அடிக்கிற காவலை நான் ஏற்கனவே பார்த்திருக்கிறேன் என்பது வாய் வரைக்கும் வந்தது. மாமியாரின் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன்.

கேமராப் பரிசோதனையும் அதையேதான் சொன்னது. குடலிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்த்ததிலும் சந்தேகம் மிஞ்சவில்லை. மாத்திரைகள் ஆரம்பித்தன. முதலில் முகம் உப்பியது, பசி தாங்க முடியாமல் என்னோடு சண்டை போட்டார். பிறகு மெல்ல மெல்ல ரத்தம் நின்றது, பின்னாலேயே முழங்காலும் அடங்கியது. இது ஒரேயடியாகப் போகிற நோய் இல்லை, தானாக அடங்கும், திரும்பவும் வரும், மாத்திரையால் அடக்கி வைக்கலாம், மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது என்றார்கள். ஆறு மாதத்தில் பைக்கை எடுத்தார். வெளிர் நிறத்தில் ஒரு பேன்ட் வாங்கி வந்தார்.

மாமியார் தோற்றுப்போனதாக ஒத்துக்கொள்ளவில்லை. "பழச எடுத்ததுனாலதான் இந்த மாத்திர கேக்குது" என்றார். நானும் விட்டுவிட்டேன். ஊருக்குக் கிளம்புகிற அன்று என்னிடம் கரண்டியை நீட்டி, "ரசம் நீ வையி. அவனுக்கு ஓன் ரசந்தான் எறங்கும்" என்றார். வைத்தேன். முதல் கரண்டியைத் தானே வாங்கி ஊற்றிக் குடித்தார். சோதனை செய்கிறாரா, சமாதானம் செய்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டுமாக இருக்கலாம். இருந்தாலும் அவர் மேல் எனக்கு மிச்சம் இருந்த கோபம் அன்றைக்குப் போய்விட்டது. பெற்ற பிள்ளை கண் முன்னால் உருகினால் யாரைத்தான் சந்தேகப்படத் தோன்றாது? அவர் மறைக்கவும் இல்லை. டாக்டர் முன்னாலேயே கேட்டுத் தெளிந்துகொண்டார்.

அதன் பிறகு எல்லாம் பழையபடி ஆனது. என் கணவர் என் கையால்தான் சாப்பிடுகிறார். ருசித்துத்தான் சாப்பிடுகிறார். கொட்டகையைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் பேசவில்லை. அம்மாவின் பேச்சைக் கேட்டு, வலியில் புத்தி கலங்கி, அன்றைக்கு என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார் என்று எனக்கு நானே சொல்லிச் சமாதானம் ஆகியிருந்தேன்.

போன ஆவணியில் ஒரு மத்தியானம், இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஒண்ணு கேக்கவா? கோவிச்சுக்கக் கூடாது" என்றார்.

"கேளுங்க."

"கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு ஏதாச்சும் குடுத்தியா?"

விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. முகம் அவ்வளவு மென்மையாக இருந்தது. கல்யாணமான புதிதில்கூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

"டாக்டர் சொன்னாங்கள்ல?"

"டாக்டர் சொன்னது கெடக்கட்டும். நீ சொல்லு."

"இல்ல."

"சரி" என்றார்.

அந்தச் சரியில் ஒன்றும் இல்லை. நான் வேறு என்ன சொல்லியிருந்தாலும் அதே சரிதான் வந்திருக்கும். அத்தனை மாதம் ரத்தத்தை என்னிடம் மறைத்து வைத்தது வெட்கத்தினால் மட்டும் அல்ல என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மாமியார் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர்தான் தன் சந்தேகத்தை மாமியாரிடம் சொல்லியிருக்கிறார்.

அவர் இடது கையை நீட்டி என் கைமேல் வைத்தார். "குடுத்திருந்தாலும் எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. ஒன்னையக் கட்டுனதுல எனக்குச் சந்தோசந்தான். இத ஒரு நாளு ஒங்கிட்ட சொல்லிரணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன்" என்றார். அவர் கண்கூட லேசாகக் கலங்கியிருந்தது.

என்னை மன்னித்துவிட்டார். மனசில் இருந்த பாரம் இறங்கியவர்போல ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். போட்டேன்.